நடு அடுக்கு எங்கே போனது?
வாடகைப் பின்தளங்களில் வலைச்செயலியை அமைப்பது குறித்த ஓர் ஆய்வு

ஒரு வலைச்செயலியின் விதிகளை எங்கே வைப்பது? யார் எந்தத் தகவலைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது என்பவற்றைப் பயனரின் உலாவியில் ஓடும் நிரல் தீர்மானிக்கலாம், இடையில் நடு அடுக்காக நிற்கும் சர்வர் தீர்மானிக்கலாம், தரவுத்தளமே தீர்மானிக்கலாம். உலாவி பயனரின் கையில் இருப்பதால் அதை நம்பி விதிகளை ஒப்படைக்க முடியாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற இரண்டில் எது என்பதற்கு ஐம்பது ஆண்டுகளாக விடைகள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன.

ஃபயர்பேஸ், சூப்பாபேஸ் போன்ற தளங்கள் இந்தப் பழைய கேள்வியைப் புதிதாகக் கூர்மையாக்கியுள்ளன. தரவுத்தளம், பயனர் உள்நுழைவு, கோப்புச் சேமிப்பு, மாற்றங்களை உடனுக்குடன் அனுப்பும் வசதி ஆகிய அனைத்தையும் கட்டணத்துக்கு நடத்தித் தரும் இத்தகைய தளங்களையே இக்கட்டுரை வாடகைப் பின்தளம் என்கிறது. இவற்றில் ஓர் அட்டவணையை உருவாக்கிய மறுநிமிடமே உலாவி அதனுடன் நேரடியாகப் பேசலாம். இடையில் சர்வர் எழுத வேண்டியதில்லை. சிறு குழுக்கள் இவற்றை நாடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் நூறு பேருக்கு நன்றாக ஓடிய செயலி லட்சம் பேர் வந்ததும் திணறுவதும், ஒருவருடைய தகவலை இன்னொருவருக்குக் காட்டிவிடுவதும் இத்தளங்களில் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. நடு அடுக்கின் வேலை ஒழிந்துவிட்டதாக நினைத்துக் கட்டுகிறார்கள். உண்மையில் அந்த வேலை தரவுத்தளத்துக்குள் குடிபெயர்ந்திருக்கிறது. இரண்டு கோளாறுகளுக்கும் பெரும்பாலும் வேர் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தரவுத்தளமே காவலன்: முதல் விடை

தரவைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும், ஆகவே விதிகள் தரவின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பது முதல் தலைமுறையின் நிலைப்பாடு. எட்கர் காட் 1970-இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். அதன்மேல் எழுந்த தொடக்ககால அமைப்புகளில் ஒன்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான இங்க்ரெஸ். அதை உருவாக்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1974-இல் ஓர் எளிய யோசனையைச் சொன்னார்கள். பயனர் கேட்கும் குவெரியைத் தடுக்கவோ அனுமதிக்கவோ வேண்டியதில்லை. அவருக்கு உரிமையுள்ள வரிசைகள் மட்டும் வரும்படி தரவுத்தளமே அந்தக் குவெரியில் நிபந்தனைகளைச் சேர்த்துவிடலாம். எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று வகுக்க இன்று சூப்பாபேஸில் எழுதப்படும் ஒவ்வொரு பாலிசியும் இந்த யோசனையின் வாரிசு.

1987-இல் வந்த சைபேஸ் எஸ்.க்யூ.எல். சர்வர், தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைக்கும் புரொசீஜர்களையும் டிரிக்கர்களையும் வணிக உலகுக்குக் கொண்டுவந்தது. 1992-இல் ஆரக்கிள் 7 அதே வழியில் வந்தது. 1999-இல் ஆரக்கிள் 8ஐ, ஒரே அட்டவணையை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகக் காட்டும் வசதியைத் தந்தது.

இந்த விடையை வீழ்த்தியது வலை. அலுவலகத்துக்குள் நூறு ஊழியர்கள் இருந்தவரை ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்தில் தனிக் கணக்கு வைக்க முடிந்தது. வலையில் முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் வந்தபோது அது இயலவில்லை. சர்வர் ஒரே பொதுக் கணக்கில் தரவுத்தளத்துக்குள் நுழைந்து எல்லோருக்காகவும் கேட்டது. கேட்பது யார் என்பதே தெரியாதபோது தரவுத்தளம் எப்படிக் காவல் காக்கும்? புரொசீஜர்கள் ஒவ்வொரு நிறுவனத்தின் தனி மொழியில் இருந்ததும், அவற்றின் பழைய பதிப்புகளைப் பேணவும் சோதிக்கவும் நல்ல கருவிகள் இல்லாததும் சேர்ந்துகொண்டன.

நடுவில் அறிவு, கீழே கிடங்கு

இரண்டாம் விடை, உலாவி, சர்வர், தரவுத்தளம் என்று பிரிந்த 1990-களின் மூன்றடுக்குக் கட்டமைப்பு. மார்ட்டின் ஃபௌலரின் 2002-ஆம் ஆண்டு நூல் அதன் வடிவங்களைத் தொகுத்தது. 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் அதைச் சிறு குழுக்களின் கைக்குக் கொண்டுவந்தது. ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமியர் ஹான்சன், அறிவு ஒரே அடுக்கில் இருக்கட்டும், அது நிரலிலேயே இருக்கட்டும் என்று 2005-இல் வெளிப்படையாக வாதிட்டார். விதிகள் எல்லாம் ஒரே மொழியில், ஒரே களஞ்சியத்தில், சோதனைகளோடு சேர்ந்து இருப்பது பெரும் வசதி என்பதை மறுக்க முடியாது. இன்றும் பெரும்பாலான செயலிகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

இதன் பலவீனம் ஒரே நேரத்தில் பலர் வரும்போது தெரிகிறது. ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று சர்வர் பார்க்கிறது, இல்லையென்றால் பதிகிறது. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்ற விடையைப் பெற்று இரண்டுமே பதியும். தரவுத்தளத்தில் தனித்தன்மை இண்டெக்ஸ் இருந்தால் மட்டுமே இது நிற்கும். ரெயில்ஸின் ஆவணமே அதை எச்சரிக்கிறது. பீட்டர் பெய்லிஸும் சக ஆய்வாளர்களும் 2015-இல் 67 திறந்தமூல ரெயில்ஸ் செயலிகளை ஆராய்ந்தார்கள். நிரல் அடுக்கில் எழுதப்பட்ட இத்தகைய விதிகள், டிரான்சாக்‌ஷன்களைவிட 37 மடங்கு அதிகமாகப் பயன்படுத்தப்பட்டிருந்தன என்றும், அவற்றில் சில நெரிசலில் தரவைக் கெடுக்கும் என்றும் காட்டினார்கள். இந்த ஆய்வு பின்தள விவாதங்களில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். தரவின் ஒழுங்கு குறித்த விதிகளைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைப்பதன் விலை என்னவென்று அளந்து சொன்ன சான்றுகள் அரிது.

நடு அடுக்கை நீக்கியவர்கள்

மூன்றாம் விடை கைபேசிகளோடு வந்தது. பார்ஸ் என்ற வாடகைப் பின்தளம் 2011-இல் தொடங்கியது. ஃபயர்பேஸ் 2012-இல் அறிமுகமாகி 2014-இல் கூகுளிடம் சென்றது. 2017-இல் அதன் புதிய தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர் வந்தது. இன்னொரு பக்கம், போஸ்ட்கிரெஸ் என்ற உறவுமுறைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளை அப்படியே வலை இடைமுகமாக மாற்றும் போஸ்ட்கிரெஸ்ட் என்ற திறந்தமூலக் கருவி 2014-இல் தோன்றியது. 2016 ஜனவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5, ரோ லெவல் செக்யூரிட்டி என்ற வரிசை நிலைப் பாதுகாப்பைத் தந்தது. இவ்விரண்டையும் இணைத்து, உள்நுழைவையும் சேர்த்து, 2020-இல் சூப்பாபேஸ் உருவானது.

1990-களின் தடை எப்படி நீங்கியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உள்நுழைந்த பயனருக்குக் கையொப்பமிட்ட டோக்கன் ஒன்று கிடைக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் அது வருகிறது. போஸ்ட்கிரெஸ்ட் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்து, அந்த ஒரு டிரான்சாக்‌ஷன் முடியும்வரை, இன்னார் கேட்கிறார் என்று தரவுத்தளத்துக்குத் தெரிவிக்கிறது. பாலிசி அந்த அடையாளத்தை வரிசையின் உரிமையாளர் புலத்தோடு ஒப்பிடுகிறது. பயனருக்குத் தனித் தரவுத்தளக் கணக்கு தேவையில்லாமல் போயிற்று. 1974-இன் யோசனை வலைக்குப் பொருந்தியது இப்படித்தான்.

ஃபயர்ஸ்டோர் வேறு பாதை. அது தரவை ஆவணங்களாக வைக்கிறது. உறவுமுறைத் தரவுத்தளங்களில் வழக்கமான இணைப்புக் குவெரிகளை எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே எழுதியவரின் பெயரை ஒவ்வொரு பதிவிலும் படியெடுத்து வைக்கிறார்கள். பெயர் மாறினால் அத்தனை படிகளையும் திருத்த வேண்டும். அதன் பாதுகாப்பு விதிகள் வடிகட்டுவதில்லை. உரிமையற்ற ஆவணம் வர வாய்ப்புள்ள குவெரியை முழுவதுமாக மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் பாலிசி சத்தமில்லாமல் வடிகட்டி, மிஞ்சியதைத் தரும். முதல் வழியில் தவறு உடனே தெரிந்துவிடும், ஆனால் குவெரியை விதிக்கு ஏற்ப எழுத வேண்டும். இரண்டாம் வழி எழுதுவதற்கு எளிது. ஆனால் பாலிசி பிழையாக இருந்தால் வெற்றுப் பட்டியல்தான் வரும், பிழைச்செய்தி வராது. எது மேல் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

திறந்து கிடந்த கதவுகள்

ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வகுத்த பாதுகாப்புக் கொள்கைகளில் ஒன்று, அனுமதி தரப்படாதவரை எல்லாம் மறுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது. வாடகைப் பின்தளங்கள் நெடுங்காலம் இதற்கு எதிர்த்திசையில் நின்றன. சூப்பாபேஸில் திரை வழியே உருவாக்கும் அட்டவணைக்குப் பாதுகாப்பு தானாக இயங்கும், எஸ்.க்யூ.எல். எழுதி உருவாக்கினால் நாமே இயக்க வேண்டும் என்பதே நீண்டகால நடைமுறை. போஸ்ட்கிரெஸில் உருவாக்கும் வியூ, அதை உருவாக்கியவரின் உரிமையில் இயங்குவதால், அடியிலுள்ள அட்டவணையின் பாலிசியைத் தாண்டிவிடும். கேட்பவரின் உரிமையில் இயங்கச் செய்யும் தெரிவு 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. எல்லாப் பாலிசிகளையும் மீறும் நிர்வாகச் சாவி ஒன்றும் உண்டு. அது உலாவிக்குச் செல்லும் நிரலில் சிக்கிவிட்டால் காவலே இல்லை.

விளைவுகள் பதிவாகியுள்ளன. பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த ஃபயர்பேஸ் தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததை ஆப்தாரிட்டி நிறுவனம் 2018-இல் வெளிப்படுத்தியது. 2025-இல், லவபிள் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த செயலிகளில் வரிசை நிலைப் பாதுகாப்பு போதாமல் இருந்தது குறித்து பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ. 2025-48757 என்ற எண்ணில் பதிவு ஏற்பட்டது.

உலாவியைத் தரவுத்தளத்தோடு பேசவே விடக்கூடாது என்று வாதிடுவோர் இவற்றை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த வாதம் பாதிதான் செல்லும். நடு அடுக்கு உள்ள செயலிகளையும் கணக்கில் கொள்ளும் ஓவாஸ்ப் என்ற வலைப் பாதுகாப்பு அமைப்பின் 2021-ஆம் ஆண்டு அபாயப் பட்டியலில், அணுகல் கட்டுப்பாட்டுக் குறைகள்தான் முதலிடத்தில் இருக்கின்றன. நடு அடுக்கில் ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்த வழி திறந்துவிடும். தரவுத்தளத்தில் ஒரு பாலிசி எல்லா வழிகளுக்கும் பொதுவானது. ஆனால் அது விட்டுப்போனால் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். இரு முறைகளிலும் பிழையின் வடிவம் மாறுகிறதே தவிர, பிழைக்கான வாய்ப்பு நீங்குவதில்லை.

கூட்டம் பெருகும்போது

வளர்ச்சியின் சிக்கல் தரவின் அளவில் தொடங்கும் என்றே பலரும் எதிர்பார்க்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் அது பெரும்பாலும் இணைப்புகளின் எண்ணிக்கையில் தொடங்குகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் அது ஒரு தனிச் செயல்முறையைத் தொடங்குகிறது. இயல்பு வரம்பு 100. நெரிசலில் தாமாகப் பெருகும் சர்வர்லெஸ் ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றும் தனி இணைப்பைத் திறந்தால் சில நொடிகளில் வரம்பு நிரம்பிவிடும். ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த பிஜிபவுன்சர் போன்ற பூலர்கள், சில பத்து இணைப்புகளை ஆயிரக்கணக்கானோர் மாறி மாறிப் பயன்படுத்த உதவுகின்றன. சூப்பாபேஸும் இத்தகைய பூலரை உடன் தருகிறது. டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் இணைப்பு வேறொருவருக்குப் போய்விடும் முறையில், இணைப்போடு ஒட்டிவைத்த எந்த அமைப்பையும் நம்ப முடியாது என்பதை நினைவில் வைத்து நிரல் எழுத வேண்டும்.

அடுத்தது பாலிசியின் விலை. கேட்பவர் யார் என்று டோக்கனிலிருந்து எடுத்துத் தரும் ஃபங்ஷனைப் பாலிசியில் நேரடியாக எழுதினால், அது ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை ஓடக்கூடும். ஆயிரம் வரிசையில் இது தெரியாது. பத்து லட்சத்தில் செயலி நிற்கும். அதையே ஒரு துணைக் குவெரிக்குள் வைத்தால் ஒருமுறை ஓடி முடிந்துவிடும். பாலிசி ஒப்பிடும் புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லாதது இன்னொரு பொதுவான குறை. குழு உறுப்பினர் அட்டவணையைப் பாலிசிக்குள் இணைத்துப் பார்க்கும்போது, அந்த அட்டவணையின் பாலிசியும் சேர்ந்து ஓடும். இவை எல்லாம் நடு அடுக்கு நிரலில் எழுதப்பட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். பாலிசிக்குள் மறைந்திருப்பதால், குவெரியைத் தரவுத்தளம் எப்படி நிறைவேற்றுகிறது என்று விளக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

மாற்றங்களை உடனுக்குடன் அனுப்பும் வசதிக்கும் இதே கணக்கு. சூப்பாபேஸில் அட்டவணை மாற்றங்களை நூறு பேர் நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு மாற்றத்துக்கு நூறு முறை உரிமை சரிபார்க்கப்படும். பயனர் பெருகும்போது மாற்றமும் பெருகும் என்பதால் சுமை இரண்டின் பெருக்கலாக ஏறும். ஃபயர்ஸ்டோரில் சுமை வேறு இடத்தில் விழுகிறது. புதிய தொகுப்பில் விநாடிக்கு 500 செயல்களோடு தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு 50% வீதம் மட்டுமே கூட்ட வேண்டும் என்று கூகுள் அறிவுறுத்துகிறது. வாசிக்கும் ஆவணத்துக்கு ஏற்பக் கட்டணம் விழுவதால், கவனமின்றி எழுதிய பட்டியல் பக்கம் ஒன்று வேகத்தைக் கெடுக்காமலே செலவை ஏற்றிவிடும்.

தொலைவும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் தரவுத்தளத்தை வைத்துவிட்டுத் தமிழ்நாட்டுப் பயனருக்குச் சேவை செய்தால், ஒவ்வொரு போக்குவரத்துக்கும் ஏறத்தாழ 200 மில்லி விநாடி செலவாகும். ஒரு திரைக்கு ஐந்து கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஒரு விநாடி காத்திருப்பு. மும்பை வட்டாரத்தைத் தெரிவு செய்தால் இதன் பெரும்பகுதி போய்விடும். அந்த ஐந்தையும் தரவுத்தள ஃபங்ஷன் ஒன்றில் சேர்த்தால் மீதியும் குறையும்.

பிரிப்பது எப்போது?

தொடக்கத்திலேயே பல சிறு சேவைகளாகப் பிரிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு 2010-களின் நடுவில் வலுவாக இருந்தது. அனுபவங்கள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. இன்ஸ்டாகிராமை 2012-இல் ஃபேஸ்புக் வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர்; தரவு போஸ்ட்கிரெஸில் இருந்தது. தரவைப் பல ஆயிரம் தருக்கத் துண்டுகளாக முன்கூட்டியே பிரித்து, சில சர்வர்களில் மட்டும் வைத்திருந்தார்கள். படத்துக்கான அடையாள எண்ணைத் தரவுத்தளத்துக்குள் இருந்த ஃபங்ஷன் ஒன்றே உருவாக்கியது. அந்த எண்ணில் 41 பிட் நேரத்துக்கு, 13 பிட் துண்டின் எண்ணுக்கு, 10 பிட் வரிசை எண்ணுக்கு. ஃபிக்மா 2020-இல்கூட ஒரே பெரிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயங்கியது. முதலில் தொடர்புடைய அட்டவணைகளைக் குழுக்களாகத் தனித் தரவுத்தளங்களுக்கு மாற்றியது, பிறகுதான் ஒரே அட்டவணையைத் துண்டாக்கியது. ஓப்பன்ஏஐ 2025-இல் பொறியாளர் மாநாடு ஒன்றில் விவரித்த அமைப்பில், எழுதுவதற்கு ஒரே முதன்மைத் தரவுத்தளமும் வாசிக்கப் பல பத்துப் பிரதிகளும் இருந்தன.

நோஷன் 2021-இல் வெளியிட்ட விவரம் இவற்றுள் மிகவும் பயனுள்ளது. ஒற்றைத் தரவுத்தளம் மூச்சுமுட்டியபோது அதை 32 தரவுத்தளங்களில் 480 தருக்கத் துண்டுகளாகப் பிரித்தார்கள். எல்லாத் தரவும் ஏதாவது ஒரு பணியிடத்துக்கு உரியதாக இருந்ததால், பணியிட எண்ணைக் கொண்டு பிரிக்க முடிந்தது. வாடகைப் பின்தளத்தில் தொடங்குவோர் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: தரவு எந்த நிறுவனத்துக்கு, எந்தக் குழுவுக்கு உரியது என்ற எண் முதல் நாளிலிருந்தே ஒவ்வோர் அட்டவணையிலும் இருக்க வேண்டும். பாலிசி அதைக் கொண்டே எளிதாகும். இண்டெக்ஸ் அதில் தொடங்கும். பின்னாளில் துண்டாக்குவதும் அதைக் கொண்டே. மற்ற முடிவுகள் பலவற்றைப் பிறகு மாற்றலாம். இதை மாற்றுவது கடினம்.

தளம் மூடப்பட்டால்

பார்ஸை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. மூடப்போவதாக 2016 ஜனவரியில் அறிவித்து, ஓராண்டு அவகாசம் தந்து 2017 ஜனவரியில் நிறுத்தியது. சர்வர் நிரலைத் திறந்தமூலமாக வெளியிட்டதால் பலர் தப்பித்தார்கள். சூப்பாபேஸின் ஆதரவாளர்கள், அடியில் இருப்பது வழக்கமான போஸ்ட்கிரெஸ், எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்கிறார்கள். அட்டவணைகளுக்கும் பாலிசிகளுக்கும் இது உண்மை. உள்நுழைவு, கோப்புச் சேமிப்பு, உடனடி மாற்றம் ஆகியவற்றோடு செயலி பின்னிப் பிணைந்த அளவுக்கு வெளியேறும் செலவு ஏறும். ஃபயர்பேஸே 2024-இல் போஸ்ட்கிரெஸை அடிப்படையாகக் கொண்ட சேவையை அறிவித்திருப்பது, உறவுமுறைத் தரவுத்தளத்தின் பக்கம் காற்று திரும்பியிருப்பதைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

இன்றைய நிலையும் எஞ்சியவையும்

மூன்று விடைகளில் ஒன்றை முழுதாக ஏற்க முடியாது. சான்றுகள் ஒரு பங்கீட்டை நோக்கிச் செல்கின்றன. தனித்தன்மை, தொடர்புகள், எதிர்மறை இருப்பு கூடாது என்பன போன்ற ஒழுங்கு விதிகள் தரவுத்தளக் கட்டுப்பாடுகளாக இருக்க வேண்டும். 2015-இன் ஆய்வுக்குப் பிறகு இதில் ஐயத்துக்கு இடம் குறைவு. யார் பார்க்கலாம் என்பதும், எளிய வடிவில் இருக்கும்வரை, பாலிசியாக அங்கேயே இருப்பது நல்லது. பணம் செலுத்துதல், மின்னஞ்சல், வெளிச் சேவைகளோடு பேசுதல், நீண்ட நேரம் ஓடும் பணிகள் ஆகியவை வெளியே ஃபங்ஷன்களிலும் வரிசைப் பணிகளிலும் இருக்க வேண்டும். பணம் வந்ததாக ஒரே அறிவிப்பு இரண்டு முறை வரலாம் என்பதால், அதன் எண்ணைத் தனித்தன்மை இண்டெக்ஸோடு பதிந்துவைத்து இரண்டாவதைப் புறக்கணிப்பது இங்கே கட்டாயம். அட்டவணை வடிவமும் பாலிசியும் திரையில் கைபோன போக்கில் மாற்றப்படாமல், மைக்ரேஷன் கோப்புகளாகக் களஞ்சியத்தில் இருந்து, பிஜிடேப் போன்ற கருவியால் சோதிக்கப்பட வேண்டும்.

தீராதவை சில உண்டு. உரிமை விதிகள் சிக்கலாகும்போது எந்தக் கட்டத்தில் பாலிசியைக் கைவிட்டு நடு அடுக்கை மீண்டும் எழுப்புவது என்பதற்கு ஏற்கப்பட்ட அளவுகோல் இல்லை. தரவு துண்டானபின், துண்டுகளைத் தாண்டிய உறுப்பினர் உறவுகளைப் பாலிசி எப்படிப் பார்க்கும் என்பதற்குப் பொதுவான தீர்வு கிடைக்கவில்லை. ஒரு பாலிசித் தொகுப்பு எந்தப் பயனருக்கும் பிறர் தரவைத் தராது என்று நிரூபித்துக் காட்டும் கருவிகள் அன்றாட வழக்குக்கு வரவில்லை. கருவிகளே நிரல் எழுதித் தரும் காலத்தில் மூன்றாவதுதான் அவசரமானது. இந்த அவசரத்துக்குச் சட்டமும் ஒரு காரணம்: இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் சட்டம் தரவைச் சேகரிக்கும் நிறுவனத்தின் மீதே வைக்கிறது. அந்தத் தரவை வேறொருவர் கையாள விட்டிருந்தாலும் அப்பொறுப்பு நீங்குவதில்லை.